சார்ஜர் ஒயரில் கட்டிய நோட்டு

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோடு,
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
மணிக்கு அறுபது ரூபாய்.
செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும்.
செத்துப்போன சார்ஜர் ஒயரில்
ஒரு நாற்பது பக்க நோட்டை
ஜன்னல் கம்பியோடு கட்டிவைத்திருக்கிறார் பைரோஸ்.
ஆடினவன் எழுதணும்.
எந்த டிஸ்க் இருக்கும், எது பெங்களூருக்கே திரும்பிப் போகும்
என்பது அதில்தான் தீர்மானம்.

சிவப்புத் துப்பட்டாக்காரி வந்து ஆறு வாரம்.
டப்பாவில் போட்ட பெயர் எவன் வாயிலும் நுழையவில்லை.
ஒற்றை ஆள், ஏழு தெரு,
தெருவுக்கு நாற்பது ரவுடி.
அடித்தால் ரத்தம் வராது, பெயிண்ட் வெடிக்கும்:
மஞ்சள், கத்திரிப்பூ, மயில்கழுத்துப் பச்சை.
ஒரே குத்தை மூன்று தடவை குத்தினால் மதிப்பு இறங்கும்.
மாற்றி மாற்றி, தாளம் தப்பாமல் அடித்தால்
திரை ஓரத்தில் ஒரு தங்க நட்சத்திரம்.

முதல் பக்கம் திம்மராஜ், பச்சை மையில்:
"பாக்க பத்துக்குப் பத்து. ஆனா கைக்கு அடி தெரியல.
தலகாணிய அடிக்கிற மாதிரி இருக்குது."
கிரானைட் பட்டறையில் பாலிஷ் போடுகிறவன்.
கைக்கு எது தெரியும் என்று
அவனிடம் போய் யார் வாதாடுவது?

தஸ்தகீர்: "சண்டைக்கு நடுவுல பேசறாங்க, பேசறாங்க,
பேசிக்கினே இருக்காங்க. மூணு மார்க்."
அதற்கு அடியில் வேறு யாரோ:
"பதினெட்டாம் போர் அன்னிக்கி மட்டும்
கூத்துக்கு வர்ற ஆளுடா நீ."

பன்னிரண்டாவது படிக்கிற மாதேஷ்:
"லெவல் ஏத்த அஞ்சாம் தெருவுலயே நாலு மணி நேரம்.
அதே ஏழு பேர், சட்டை மட்டும் வேற.
இதுக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட்டே தேவலாம்."
ஓரத்தில் பெருக்கல்: 4 x 60.
விடைக்குக் கீழே இரண்டு கோடு.

நான் மாங்கூழ் ஃபேக்டரி ஆள்.
சீசன் முடிந்த ஆவணி. கையில் கொஞ்சம் காசு,
நகக்கண்ணில் இன்னும் மஞ்சள்.
இரண்டு பக்கம் எழுதினேன்.
எந்த வித்தையை முதலில் திறப்பது,
சுவரில் உதைத்து எம்பினால் எத்தனை பேர் ஒரே வீச்சில்,
ஏழு தெருவிலும் தங்கம் எடுத்தது இந்தக் கடையில் யார் என்று.
"சும்மா பட்டன் தட்டுறவனுக்கு இல்ல இது"
என்று முடித்து, கையெழுத்தும் போட்டேன்.

அடுத்த புதன்கிழமை அதன் கீழே பென்சிலில், பெயர் இல்லாமல்:

"சண்ட முடிஞ்சதும் பட்டனத் தொடாம வச்சா
அவ குனிஞ்சு மூச்சு வாங்கறா.
அப்பறம் துப்பட்டால முட்டியத் தொடைக்கிறா.
எட்டு மார்க்."

பொய் என்று பக்கத்தில் கிறுக்கப் போனேன்.
அறுபத்திரண்டு மணி நேரம் ஆடியிருக்கிறேன்,
எனக்குத் தெரியாமலா?

மூன்றாம் தெரு. வெளியே மழை, ஓசூர் பஸ்ஸின் ஹாரன்.
நாற்பதாவது ஆள் விழுந்தான்.
ரிமோட்டைப் பாயில் வைத்தேன்.
பத்து விநாடி. ஒன்றுமில்லை.
பெயிண்ட் மட்டும் சுவரில் ஒழுகிக்கொண்டிருந்தது.
"ஹேங் ஆயிடுச்சா?" என்றான் திம்மராஜ்.
"இர்ரா."

குனிந்தாள்.
ஒரு கை முழங்காலில்.
முதுகு ஏறி இறங்கியது, சீராக இல்லை,
ஒன்று நீளம், ஒன்று பாதியில் அறுந்து.
துடைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள்.
வலது சுண்டுவிரல் மடங்கவில்லை.
இன்னொரு தடவை முயன்றாள்.
அந்தக் கையாலா நான் இத்தனை நாளும்

திம்மராஜ் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.
நான்காம் தெருவின் கதவு திறந்தே கிடந்தது.
மீதி இருபது நிமிடக் காசுக்கு
அவள் நின்றாள், நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

போகும்போது நோட்டில் எழுதினேன்:
"சுண்டுவிரல் மடங்கல."
மார்க் போடவில்லை.

மறுநாள் பைரோஸ் ஃபோன் செய்தார்.
"ஏம்ப்பா, இத வச்சிக்கிறதா, விக்கிறதா?
அத ஒழுங்கா எழுது."